சல்லடையில் சிக்காத பெட்டி!

தூத்துக்குடிக் கடலில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அப்புறம் பார்களில் சிப்பி சரியாகச் சேரவில்லை. ஆனால் அந்தக் கால முத்து வியாபாரிகள் வைத்திருந்த ஒரு சாமானைப் பற்றி, கம்ப்யூட்டர் வேலைக்கு மனுப் போடுகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பித்தளைச் சல்லடை!

பத்து சல்லடை ஒரு செட். முதலாவதில் 20 துளை, கடைசியில் 1000. பெரிய முத்து முதல் சல்லடையிலேயே நின்றுவிடும். சின்னது நழுவி நழுவிக் கீழே போகும். பிறகு உருட்சியும் ஒளியும் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். உசத்தி ரகம் ஆணிமுத்து. 'இந்தக் குவியலில் இருபதில் நிற்கிற ஆணி எத்தனை?' என்று கேட்டால் பதில் ரெடி.

டேட்டாபேஸ் க்வெரி என்பது இதுதான் ஸார்! எது வேண்டும் என்பது 'செலக்ட்'. எந்தக் குவியலிலிருந்து என்பது 'ஃப்ரம்'. எந்தச் சல்லடை என்பது 'வேர்'.

ஐ.பி.எம். கம்பெனியின் எட்கர் காட், தகவல்களையெல்லாம் அட்டவணைகளாக வைக்கலாம் என்று 1970-ல் எழுதினார். அங்கேயே வேலை பார்த்த சேம்பர்லினும் பாய்ஸும் 1974-ல் அதற்கொரு கேள்வி மொழி செய்தார்கள். அதுதான் இன்றைய எஸ்.க்யூ.எல். தூத்துக்குடி 'மேஜர் போர்ட்' ஆனதும் அதே 1974-ல்தான். (ஜாதகம் பார்க்கிறவர்கள் கவனிக்கவும்!)

சரி, 'எஸ்.க்யூ.எல். தெரியும்' என்று பயோடேட்டாவில் எல்லோரும்தான் எழுதுகிறார்கள். நிஜமாகத் தெரியும் என்று எப்படிக் காட்டுவது?

துறைமுகத்துக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு டேபிள். கன்டெய்னர் நம்பர், இறங்கிய தேதி, வெளியேறிய தேதி. கேள்வி: 'ஏழு நாளுக்கு மேல் யார்டில் இருந்த பெட்டிகள் எவை?'

பையன் மளமளவென்று எழுதுகிறான். வெளியேறிய தேதியில் இறங்கிய தேதியைக் கழி. ஏழுக்கு மேலே இருந்தால் காட்டு. பட்டனை அமுக்கினால் அழகாக லிஸ்ட் வருகிறது. எரர் ஒன்றும் இல்லை. ஆனால் தப்பு!

இன்னும் யார்டிலேயே கிடக்கிற பெட்டிக்கு வெளியேறிய தேதி ஏது? அந்தக் கட்டம் காலி. அதற்கு 'நல்' என்று பெயர். (பெயரில் மட்டும்தான் நல்.) காலியிலிருந்து எதைக் கழித்தாலும் காலிதான். அது ஏழைவிடப் பெரிதா என்று கேட்டால் கம்ப்யூட்டர் 'ஆமாம்' என்றும் சொல்லாது, 'இல்லை' என்றும் சொல்லாது. 'தெரியாது' என்று ஒதுக்கிவிடும். விளைவு? ஆட்டோ மீட்டர் மாதிரி வாடகை ஏறிக்கொண்டிருக்கிற பெட்டி எதுவோ, அதுதான் லிஸ்ட்டில் இல்லை. சரக்குக்காரர் தலையில் துண்டு!

விஷயம் தெரிந்தவர் காலிக் கட்டத்துக்கு இன்றைய தேதியை வைத்துக் கணக்குப் போடச் சொல்வார். அதைவிட முக்கியம், எழுதுவதற்கு முன்பே "அண்ணாச்சி, இன்னும் போகாத பெட்டியையும் சேர்க்கணுமா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியிலேயே பாதி மார்க் விழுந்துவிடும்.

இன்னொரு பொறி. ஒரு பில்லில் மூன்று பெட்டி. சரக்குக் கூலி பில்லுக்கு ஒன்றுதான். இரண்டு டேபிளையும் 'ஜாயின்' பண்ணிக் கூட்டினால் கூலி மூன்று மடங்காக நிற்கும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆனாலும் கணக்கில் தப்பு இருக்கலாம் என்று பி.காமில் எங்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னார்கள். க்வெரி ஓடினாலே சரி என்று நினைக்கிறவர்களுக்கும் அதே பாடம்தான்.

இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்கு என் யோசனை: பத்தே வரியில் ஒரு டேபிள் தயார் செய்யுங்கள். அதில் ஒரு காலித் தேதி, ஒரே நம்பர் இரண்டு தடவை, மூன்று பெட்டி பில் ஒன்று... இப்படி வேண்டுமென்றே வில்லங்கங்களைப் போடுங்கள். விடையை முதலில் கையால் எழுதிவிட்டு அப்புறம் க்வெரியை ஓட்டுங்கள். இரண்டும் ஒத்துப்போகிற அந்த ஒரு பக்கம், லேமினேஷன் செய்த சர்ட்டிபிகேட்டைவிட அதிகம் பேசும். க்வெரியை இப்போது ஏ.ஐ.யே எழுதித் தருகிறது, வாஸ்தவம். விடை சரியா என்று யார் பார்ப்பது?

இன்னும் அசத்த ஆசையா? கன்டெய்னர் நம்பரில் நாலு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம், முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. நம்பரைத் தப்பாக டைப் செய்திருந்தால் பெரும்பாலும் அதிலேயே மாட்டிக்கொள்ளும். அதைச் சரிபார்க்கிற க்வெரியையும் கூடவே எழுதிக் காட்டுங்கள். தூத்துக்குடி ஆபீஸ் என்றால் டீயோடு மக்ரூனும் வரும்!