எரிமலையின் அடையாளங்களும் எச்சரிக்கை எனும் அமானிதமும்

விருத்தாசலத்தின் பீங்கான் சூளைகளில் பணிபுரிவோர், எரிந்துகொண்டிருக்கும் சூளையின் வாயிலை இடையில் திறப்பதில்லை. பார்வைத் துளை வழியே நெருப்பின் நிறத்தை நோக்குவர். உள்ளே வைத்த சிறு மண் கூம்பு வளைவதைக் கொண்டு வெப்பத்தை மதிப்பிடுவர். காணவியலாத உட்புறத்தை வெளித்தோன்றும் அடையாளத்தால் அறியும் இக்கலையே, பேரளவில், எரிமலைக் கண்காணிப்பு எனலாம்.

இந்தியாவில் இன்று இயங்கிவரும் எரிமலை ஒன்றே. அந்தமான் கடலில், 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பாரன் தீவே அது. கடலுக்கு மேல் சுமார் 350 மீட்டர் உயரமே தெரியினும், அம்மலையின் அடிவாரம் 2000 மீட்டருக்கும் கீழே கடலடியில் உள்ளது. 1787இல் அதன் சீற்றம் முதன்முதலாகப் பதிவாயிற்று. பின்னர் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அடங்கிக் கிடந்து, 1991இல் மீண்டும் விழித்தது. 2005, 2017, 2025 ஆகிய ஆண்டுகளிலும் அது குமுறியது.

மனிதர் வாழாத தீவுக்குக் கண்காணிப்பு எதற்கு என வினவலாம். எரிமலைச் சாம்பல் என்பது விறகுச் சாம்பல் அன்று, பாறையின் நுண்துகள். 1982இல் ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்த பயணிகள் விமானம் ஒன்றின் நான்கு எஞ்சின்களும் வானிலேயே நின்றன. சூளையில் மெருகுப் பூச்சு உருகிப் பீங்கான்மேல் படிவதைப் போன்றே, சாம்பல் எஞ்சினுக்குள் உருகிப் படிந்திருந்தது. விமானம் கீழிறங்கியபின் எஞ்சின்கள் மீண்டும் இயங்க, அனைவரும் உயிர் தப்பினர். இதனாலேயே பாரன் தீவின் சாம்பல் மேகங்களைச் செயற்கைக்கோள்கள் வழியே நோக்கி, விமானிகளுக்கு எச்சரிக்கை விடுக்கும் பணியை ஆஸ்திரேலியாவின் டார்வின் நகர மையம் ஆற்றி வருகிறது.

எரிமலை தரும் அடையாளங்கள் நான்கு வகைப்படும். பாறைக்குழம்பு மேலேறுகையில் சிறு நிலநடுக்கங்கள் தொடர்கின்றன, நிலம் உப்புகின்றது, கந்தக டை ஆக்சைடு போன்ற வாயுக்களின் அளவு மாறுகின்றது, வெப்பம் மிகுகின்றது. நிலநடுக்கமானிகளும், நில உயர்வை நுட்பமாக அளக்கும் செயற்கைக்கோள்களும் இவற்றைப் பதிவு செய்கின்றன.

இவ்வடையாளங்கள் நம் வரலாற்று நூல்களுக்குப் புதியன அல்ல. ஹிஜ்ரி 654, ஜமாதுல் ஆகிர் மாதத்தில் (கி.பி. 1256) மதீனா முனவ்வராவுக்கு அருகே எரிமலை வெடித்தது. அதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே நிலம் அதிர்ந்ததை, மதீனாவிலிருந்து வந்த மடல்களைக் கொண்டு திமிஷ்க் நகர அறிஞர் அபூ ஷாமா (ரஹ்) பதிவு செய்துள்ளார். நெருப்புக் குழம்பு ஏறத்தாழ 23 கிலோமீட்டர் ஓடியது. மக்கள் மஸ்ஜிதுந் நபவீயில் திரண்டு பாவமன்னிப்புத் தேடினர்.

அதே ஹிஜாஸில் 2009இல், ஹர்ரத் லுனைய்யிர் பகுதியில் பல்லாயிரம் நிலநடுக்கங்கள் பதிவாயின. நிலத்தடியில் பாறைக்குழம்பு மேலேறுவதை அறிஞர்கள் கண்டறிந்தனர். சவூதி அரசு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற்றியது. எரிமலை வெடிக்கவில்லை. அதனால் அவ்வெச்சரிக்கை வீண் என்று கூறுவது அறிவுடைமையாகாது. அளவிட்டோர் அடையாளத்தைச் சொன்னார்கள். முடிவு அல்லாஹ்விடம் இருந்தது.

எனினும், அறிவது மட்டும் போதுமானதன்று. 1985 நவம்பர் 13 அன்று கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் மலையில் வெடிப்பு நிகழ்ந்தது. பனி உருகிச் சேறாய்ப் பெருகி ஆர்மெரோ நகரை அடைய ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அபாய வரைபடம் முந்தைய மாதமே தயாராயிருந்தது. ஆயினும் உறுதியான ஆணை மக்களை எட்டவில்லை. சுமார் 23,000 பேர் மாண்டனர். மாறாக, 1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ வெடிக்குமுன் பல்லாயிரவர் வெளியேற்றப்பட்டு உயிர் பிழைத்தனர்.

ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். அறிவிப்பாளர் தொடரில் ஒரு கண்ணி அறுந்தாலும் அச்செய்தி ‘முன்கதிஃ’ ஆகிவிடும். கருவியைக் காண்பவர், அறிவியலாளர், ஆட்சியாளர், ஊர்த்தலைவர், குடும்பத் தலைவர் என நீளும் எச்சரிக்கையின் தொடரும் அத்தகையதே. ஆர்மெரோவில் அறுந்தது கருவி அன்று; கண்ணி.

இது நமக்குத் தொலைவான செய்தி அன்று. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் கிளம்பிய ஆழிப்பேரலை நம் கடலூர்க் கரையை அடையவும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்நேரத்தில் கரையோர மக்களுக்குச் சொல்வார் எவருமில்லை. 2007 முதல் ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஆயினும் 2018 டிசம்பர் 22 அன்று இந்தோனேசியாவின் அனாக் கிரகத்தாவ் எரிமலையின் ஒருபக்கம் கடலில் சரிந்து எழுப்பிய பேரலை, நானூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. நிலநடுக்கத்தையே நம்பியிருந்த அந்நாட்டு எச்சரிக்கை ஏற்பாடு அதை உணரவில்லை. எரிமலையையும் கடலையும் ஒருங்கே கண்காணிக்க வேண்டியதன் தேவையை இது உணர்த்துகிறது.

செய்தியைத் தெளிந்து ஏற்கவேண்டும் என்பது அல்-ஹுஜுராத் அத்தியாயம் கற்பிக்கும் ஒழுக்கம். தெளிந்த செய்தியைத் தாமதமின்றி அண்டை வீட்டாருக்குச் சேர்ப்பதும் அமானிதமே. கடலோரப் பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகளும் அத்தொடரின் கண்ணிகளாக விளங்கட்டும். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.