சாவி ஒன்று, பூட்டு வேறு

புதுச் சுவருக்குப் பழைய கதவு இலகுவிற் பொருந்தாது என்பதை வீடு கட்டியவர் யாவரும் அறிவர். ஆயின், கண்ணுக்குப் புலப்படாத வானலைகளிலும் அத்தகைய பொருத்தமின்மை உண்டு என்பதை நாம் அறிந்துகொண்டது, எமது இல்லத்துக்குப் புதிய ரவுட்டர் ஒன்று வந்து சேர்ந்தபோதுதான்.

எமது தமையனாரின் மகன் உயர்தர வகுப்பிலே கணிதப் பிரிவிற் பயில்பவன். பரீட்சைக்கு மூன்று மாதங்களே எஞ்சியிருந்தன. கொழும்பு ஆசிரியர் ஒருவர் இணையவழியே நடத்தும் பௌதிக வகுப்பை அவன் எமது வீட்டிலிருந்தே கேட்டு வந்தான். அவனிடமிருந்ததோ பத்தாண்டுப் பழைமையுடைய மடிக்கணினி. அதனுள்ளிருந்த வை-பை உறுப்புப் பழுதுற்றமையால், ரொறன்ரோவில் வாழும் தாய்மாமன் அனுப்பிவைத்த சிறு அடப்டர் ஒன்றைச் செருகிப் பயன்படுத்தி வந்தான். பழைய ரவுட்டரோடு அது குறையின்றி இயங்கிற்று. புதியது வந்த அன்று மாலை, “சித்தப்பா, எல்லாற்றை போனிலையும் பேர் வருது, என்ரை கொம்பியூட்டரிலை மட்டும் காணேல்லை” என்று வந்து நின்றான்.

பட்டம் பெற்றுக் கல்லூரியிலே கற்பித்து வருகின்றோமெனினும், அன்று நாம் விடை தெரியாது விழித்தோம் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. இரண்டு நாட்கள் தேடிய பின்னரே காரணம் புலனாயிற்று.

வை-பைக் கருவிகள் பெரும்பாலும் இரு அலைப்பட்டைகளிலே பேசுகின்றன. ஒன்று 2.4 கிகாஹேர்ட்ஸ்; மற்றையது 5 கிகாஹேர்ட்ஸ். முன்னையது சுவர்களை ஊடுருவிச் சற்றே தொலைவு செல்லும். பின்னையது வேகம் மிக்கதாயினும் ஓரிரு சுவர்களைக் கடப்பதற்குள் மெலிந்துவிடும். மலிவான அடப்டர்கள் பல முன்னையதை மட்டுமே அறியும். எம்முடையதும் அவ்வினத்தது. ஆயின் எமது ரவுட்டர் இரண்டு பட்டைகளிலுமே ஒலித்துக்கொண்டிருந்தது. அங்ஙனமாயின் பெயர் ஏன் தெரியவில்லை? 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டை இலங்கையிலே 13 அலைவரிசைகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் விற்கப்படும் கருவிகளோ பெரும்பாலும் முதற் பதினொன்றுக்கு அப்பாற் செவிமடுப்பதில்லை. எமது ரவுட்டர் தானாகவே பதின்மூன்றாம் அலைவரிசையைத் தெரிந்தெடுத்து அமர்ந்திருந்தது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, அதனை ஆறாம் அலைவரிசைக்கு மாற்றிய மறுகணமே பெயர் தோன்றிற்று. அயல்நாட்டு உறவினர் அனுப்பிய கருவியைப் பயன்படுத்தும் வீடுகள் எம்மவரிடையே பல உண்டாதலின் இதனைச் சற்று விரித்துரைத்தோம்.

பெயர் தோன்றிற்று, இணைப்போ கிட்டவில்லை. கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாக மூன்று முறை தட்டியும் கணினி மறுத்தது. இங்கேதான் நாம் பிழை செய்தோம். வேறு வேலையாக வந்திருந்த தொழில்நுட்பர் ஒருவர், “பூட்டை எடுத்து விடுங்கோ சேர், எல்லாம் சரிவரும்” என்றார். எடுத்துவிட்டோம். எல்லாம் சரிவந்தது. எட்டு நாட்கள் வகுப்புத் தடையின்றி நடைபெற்றது. ஒன்பதாம் நாள், மாதம் முழுவதற்கும் போதுமானதாயிருந்த டேட்டா தீர்ந்துபோய், வகுப்பின் நடுவிலே ஆசிரியரின் உருவம் அசைவற்று நின்றது. ரவுட்டரின் பட்டியலைப் பார்த்தபோது எமது கருவிகள் ஐந்தும், எமக்கு அறிமுகமற்றவை ஏழும் இருந்தன!

பணம் போனது ஒருபுறமிருக்க, வேறொன்றும் எம்மை உறுத்திற்று. அதே வலையமைப்பிலிருந்துதான் தமையனார் வங்கிக் கணக்கைப் பார்ப்பார். வங்கியின் பக்கத்துக்குத் தனிப் பூட்டு உண்டென்பது மெய்யே. ஆயினும் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குத் தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லே இன்னும் இருந்தது. வலையமைப்புக்குள் நுழைந்த எவரும் அதனைத் திறந்து, எமது போக்குவரத்தைத் தாம் விரும்பிய வழியே திருப்பியிருக்கலாம். அன்றிரவு முதற்கண் அக்கடவுச்சொல்லை மாற்றினோம்.

நிற்க, சாவி சரியாயிருந்தும் கணினி ஏன் மறுத்தது? சாவி வேறு, பூட்டின் வகை வேறு என்பதே விடை. 1997 ஆம் ஆண்டில் வை-பைக்கு முதல் நியமம் வகுக்கப்பட்டபோது, உடன் வந்த பூட்டின் பெயர் டபிள்யூ.ஈ.பி. அஃது ஒவ்வொரு செய்திப் பொதிக்கும் 24 பிற்று நீளமான ஓர் எண்ணைச் சாவியோடு சேர்த்துப் பூட்டும். அத்தகைய எண்கள் ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சத்துச் சொச்சமே உள. போக்குவரத்து மிக்க வலையமைப்பில் அவை தீர்ந்து, பழையவை மீண்டும் வரத் தொடங்கும். 2001 இல் புளூரர், மன்ரின், ஷமீர் என்னும் மூவர் அதன் உள்ளமைப்பிலுள்ள பெருங்குறையை எடுத்துக்காட்டினர். 2007 இல் ஜேர்மனியின் டாம்ஸ்ராட் நகரத்து ஆய்வாளர்கள், ஒரு நிமிடத்துக்குட்பட்ட நேரத்தில் அதனைத் திறந்துகாட்டினர்.

2003 இல் டபிள்யூ.பி.ஏ. வந்தது. அது பயன்படுத்திய டி.கே.ஐ.பி. என்னும் முறை, ஏற்கெனவே விற்கப்பட்டுவிட்ட பழைய கருவிகளிலும் மென்பொருளை மட்டும் புதுப்பித்து இயங்கும் வண்ணம் ஆக்கப்பட்ட இடைக்கால ஏற்பாடு. பழையதைக் கைவிடாமலும் புதியதைத் தள்ளாமலும் ஒரு பாலம் போட்டார்கள் எனலாம். எமக்கு அந்த ஏற்பாட்டிலே மதிப்பு உண்டு. 2004 இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2, பெல்ஜிய நாட்டவரான டேமன், ரைமன் இருவரும் வகுத்த ஏ.ஈ.எஸ். என்னும் உறுதியான மறைகுறியாக்கத்தை ஏற்றது. 2006 முதல் வை-பைச் சான்றிதழ் பெறும் கருவிகளுக்கு அது கட்டாயமாயிற்று. 2018 இல் டபிள்யூ.பி.ஏ.3 வந்தது.

புதிய ரவுட்டரை அமைத்த நாளில், சிறந்த பூட்டே வேண்டும் என்று கருதி டபிள்யூ.பி.ஏ.3 ஒன்றையே ஏற்குமாறு வைத்தவர் நாமேதாம். எமது கைபேசிகள் அதனை அறிந்திருந்தன. ரொறன்ரோ அடப்டர் அறியவில்லை. சாவியைப் பிழையென்று அது சொல்லியிருந்தாலாவது வேறு வழியிற் சிந்தித்திருப்போம். “இணைக்க முடியவில்லை” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் அது கூறவில்லை.

எனவே பூட்டை எடுத்தெறிய வேண்டிய தேவை சிறிதும் இருந்ததில்லை. ஒரு படி இறங்கி, டபிள்யூ.பி.ஏ.2 உடன் ஏ.ஈ.எஸ். என்பதைத் தெரிந்தாற் போதுமாயிருந்தது. இதிலும் ஒரு சிறு பொறி உண்டு. பட்டியலிலே டி.கே.ஐ.பி. கலந்த தெரிவு ஒன்றும் இருக்கும். எல்லாவற்றுக்கும் இடங்கொடுக்கிறதே என்று நாம் முதலில் அதனையே தொட்டோம். இணைப்புக் கிடைத்தது, வேகமோ செக்கனுக்கு 54 மெகாபிற்றுக்கு மேலே ஏறவில்லை. 2009 இல் நியமமாகிய ‘என்’ வகைக் கருவிகளின் உயர்வேகம் டி.கே.ஐ.பி. பூட்டோடு இயங்காது என்பது விதி. ஏ.ஈ.எஸ். மட்டும் என்று மாற்றி, கணினியிற் பழைய வலையமைப்பின் பெயரை மறக்கச் செய்து, சாவியை மீண்டும் இட்ட பின்னரே குறை தீர்ந்தது.

எனினும் ஓர் அடப்டருக்காக வீடு முழுவதையும் ஒரு படி இறக்குதல் எமக்கு உவப்பாயில்லை. டபிள்யூ.பி.ஏ.2 பூட்டிலே, இணைப்பு ஏற்படும் கணத்துச் செய்திகளை ஒருவர் பிடித்து வைத்துக்கொண்டு, பின்னர் தம் வீட்டிலிருந்தே கோடிக்கணக்கான சொற்களை ஆறுதலாகப் பொருத்திப் பார்க்கலாம். டபிள்யூ.பி.ஏ.3 இல் ஒவ்வோர் ஊகத்தையும் ரவுட்டரிடமே நேரிற் சென்று கேட்டாக வேண்டும். இவ்வேறுபாடு சிறிதன்று. ஆதலால் விருந்தினர் வலையமைப்பு என்று ரவுட்டர் தரும் இரண்டாம் பெயரை டபிள்யூ.பி.ஏ.2 பூட்டோடு திறந்து, மடிக்கணினியை அங்கே குடியேற்றினோம். வீட்டின் ஏனைய கருவிகள் டபிள்யூ.பி.ஏ.3 உடன் இருந்தன. கடவுச்சொல் எட்டு எழுத்துக்குக் குறையாமலும் அறுபத்துமூன்றுக்கு மேற்படாமலும் இருக்கலாமாதலின், இருபத்துநான்கு எழுத்தில் ஒன்றை அமைத்தோம். பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்த சொல்லை வைப்போர் எமது ஊரில் மிகப் பலர். அதனை ஊகிக்க அயலவருக்குக் கணினியே வேண்டியதில்லை.

மறுநாள் மாலை வகுப்புத் தொடங்கிற்று; ஆசிரியர் உருவம் அசைந்தது. சற்று நேரத்தில் வேலியோரத்திலே குரல் கேட்டது. அயல் வீட்டுச் சிறுமி. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்பவள். தாயின் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு, “சேர், இண்டைக்கு வை-பை வேலை செய்யேல்லையோ?” என்றாள். அந்த ஏழு கருவிகளுள் ஒன்று அவளுடையது. கேளாமற் பயன்படுத்தினோமே என்ற கூச்சம் அவள் முகத்திலே தெரிந்தது. கதவைத் திறந்து போட்டவர் நாமேயாதலின் எமக்கும் அவளைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. விருந்தினர் வலையமைப்பின் பெயரையும் இருபத்துநான்கு எழுத்துக்களையும் அப்பியாசக் கொப்பியின் தாளொன்றிலே எழுதி, வேலிக்கு மேலாக நீட்டினோம்.