உங்களுக்குத் தெரியுமா? ஒரே முகவரி, மூன்று ரெஜிஸ்டர்கள்!

சீரியல் போர்ட்டை இயக்கும் 16550 சிப்பில் முகவரிகள் 8தான்; ரெஜிஸ்டர்கள் அதைவிட அதிகம்.

0-ஆம் முகவரியில் எழுதினால் பைட் வெளியே போகும். படித்தால் வந்திருக்கும் பைட் கிடைக்கும். 3-ஆம் முகவரி ரெஜிஸ்டரின் 7-ஆம் பிட்டை 1 ஆக்கினால், அதே 0-ஆம் முகவரி, வேகத்தை நிர்ணயிக்கும் வகுஎண்ணின் கீழ்ப்பாதியாகிவிடும்!

இந்த அமைப்பை லினக்ஸ் கெர்னல் ஒரு ஹெடர் கோப்பில், ரெஜிஸ்டருக்கு ஒரு பெயரும் எண்ணுமாக வரிசைப்படுத்தியிருக்கிறது.

ரெஜிஸ்டருக்குள் இருக்கும் தனித்தனி பிட்டுகளைக் கையாள சி மொழியில் பிட்-ஃபீல்டு வசதி இருந்தும், டிரைவர் எழுதுவோர் பெரும்பாலும் நம்புவது பிட் மாஸ்க்கைத்தான். காரணம், பிட்டுகளை எந்தப் பக்கத்திலிருந்து அடுக்குவது என்பதைச் சி தரநிலை கம்பைலரின் முடிவுக்கே விட்டிருக்கிறது. மாஸ்க்கில் அந்தக் குழப்பமே இல்லை: 5-ஆம் பிட் என்றால் எந்தக் கம்பைலரிலும் 5-ஆம் பிட்தான்.