கான்கிரீட் கொட்டுவதற்கு முந்தின நாள்

"எங்கள் மேஸ்திரி முப்பது வருஷமாக வீடு கட்டுகிறவர். அவர் கட்டிய ஒரு வீடும் விழவில்லை. பிறகு எதற்குத் தனியாக ஒரு ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர்?" வீடு கட்டத் தொடங்குகிறவர்கள் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான். அவசரமாகப் பதில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. ஒரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்து பேசலாம்.

மேஸ்திரியின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மட்டம், தூக்கு, கலவைப் பதம் எல்லாம் அவர் கைக்குப் பழகியவை. ஆனால் அவர் சொல்கிற கம்பிக் கணக்கு போன வீட்டிலிருந்து வருகிறது. போன வீட்டில் ஹால் பத்தடி அகலம், உங்கள் வீட்டில் பதினாறடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலம் கூடியது ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். தளத்தை வளைக்கிற விசையோ இரண்டரை மடங்கைத் தாண்டிவிடும். அகலத்தின் இருமடிக்கு ஏற்றபடி அது ஏறுகிறது. அனுபவம் இதைக் காட்டிக்கொடுக்காது. யாராவது கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

"பிளான் போட்டவரே இன்ஜினியர்தானே?" என்பது அடுத்த கேள்வி. அப்ரூவலுக்குப் பிளான் வரைவது ஒரு வேலை, தூணும் பீமும் அஸ்திவாரமும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்கிடுவது இன்னொரு வேலை. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளிலும் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியருக்குத் தனிப் பதிவு உண்டு. 2024 முதல் 2,500 சதுரடி வரையுள்ள மனையில் 3,500 சதுரடி வரை கட்டுகிறவர்கள் சுயசான்று முறையில் உடனடியாக அனுமதி வாங்கிவிடலாம். அலைச்சல் குறைந்தது நல்லதுதான். ஆனால் அனுமதி கைக்கு வந்துவிட்டதால் வீட்டின் பலத்தை யாரோ பார்த்துவிட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அதைப் பார்க்க வேண்டிய ஆளை நீங்கள்தான் அமர்த்த வேண்டும்.

நல்ல இன்ஜினியர் முதலில் கேட்பது மண்ணைப் பற்றித்தான். மண் பரிசோதனையில் 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி ஆகிறது என்று எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையையும் மண்ணின் வகையையும் வைத்து எவ்வளவு ஆழம், எவ்வளவு அகல ஃபூட்டிங் என்று முடிவாகும். கரிசல் மண் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்குகிற மண் அது. ஆழமில்லாத அஸ்திவாரத்தை வருஷா வருஷம் தூக்கி இறக்கும். அதனால்தான் அடியில் குமிழ்போல அகலமாகும் பைல் அங்கே போடுகிறார்கள். பக்கத்து வீட்டில் ஐந்தடி தோண்டினார்கள், நமக்கும் அதுவே போதும் என்பது கணக்கில் சேராது.

பிறகு டிராயிங். எந்தத் தூணுக்கு எத்தனை கம்பி, என்ன தடிமன், ரிங் எத்தனை இடைவெளியில், கம்பியை எந்த இடத்தில் ஒட்டுச் சேர்க்கலாம், கான்கிரீட் எந்த கிரேடு, கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட் கவர் எத்தனை மில்லிமீட்டர் என்று எல்லாமே அதில் இருக்க வேண்டும். "வழக்கம்போல" என்று விடப்பட்ட இடம் எதுவும் இருக்கக் கூடாது. 2002-இல் திருத்தப்பட்ட தேசிய விதியில் சென்னை நிலநடுக்க மண்டலம் மூன்றுக்கு வந்தது. ஆகவே தூணின் ரிங்கைக் கவனியுங்கள். அதன் முனை இரண்டும் 135 டிகிரி வளைந்து தூணின் உட்புறத்துக்குள் போக வேண்டும். கம்பி கட்டுகிறவருக்கு 90 டிகிரியில் மடக்குவது சுலபம். நிலம் ஆடும்போது வெளிக் கான்கிரீட் உதிர்ந்தால் அந்த ரிங் பிரிந்துகொள்ளும்.

டிராயிங் கைக்கு வந்ததும் பலர் இன்ஜினியருக்குக் கணக்கு முடித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அவருக்குக் கொடுக்கிற பணத்தின் முழுப் பலன் கான்கிரீட் கொட்டுவதற்கு முந்தின நாள் அவர் சைட்டில் வந்து நிற்பதில்தான் இருக்கிறது. பால்கனியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம்தான் அதற்குப் பிடிப்பு. மேலே பாரம் ஏறும்போது இழுபடுவது தளத்தின் மேல்புறம். எனவே முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். நாலரை அங்குலத் தளத்தில் அது மேற்பரப்புக்கு ஓர் அங்குலம் கீழே இருந்தால், அடியிலிருந்து மூன்றரை அங்குல உயரத்தில் நின்று வேலை செய்கிறது. கான்கிரீட் அன்று சட்டி தூக்குகிறவர்கள் அந்தக் கம்பி மேல்தான் நடப்பார்கள். கீழே சரியாக முட்டுக் கொடுக்காத கம்பி ஓர் அங்குலம் அமுங்கினால், தாங்கும் திறனில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். இரண்டு அங்குலம் அமுங்கினால் பாதிக்கு மேல் போய்விடும். வாங்கிய கம்பி அதேதான், சிமென்டும் அதேதான். பூச்சு பூசிய பிறகு எவர் கண்ணுக்கும் தெரியாது. முந்தின நாள் ஒருவர் வந்து கம்பியை மிதித்துப் பார்த்து, "இங்கே முட்டு போதாது" என்று சொன்னால் பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும்.

ஆகவே பேசும்போதே எழுதி வாங்குங்கள்: ஃபூட்டிங், தூண், பீம், ரூஃப் ஒவ்வொன்றுக்கும் கான்கிரீட்டுக்கு முன்னால் இன்ஜினியர் வர வேண்டும், அவர் சரி என்று சொன்ன பிறகே கலவை மிஷின் ஓட வேண்டும். பணத்தையும் நீங்களே நேரடியாகக் கொடுங்கள். கான்ட்ராக்டர் சம்பளம் கொடுக்கிற இன்ஜினியர் கான்ட்ராக்டரின் வேலையை எப்படி நிறுத்துவார்?

ரிப்பேர் வேலையில் இது இன்னும் முக்கியம். தூணில் நெடுக வெடிப்பு, சீலிங் பூச்சு உதிர்கிறது என்று கெமிக்கல் விற்கிறவரைக் கூப்பிட்டால், மருந்துக் கடைக்காரரிடம் நாடி பார்க்கச் சொன்ன மாதிரிதான். எல்லா வெடிப்பும் ஆபத்தில்லை. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் வருகிற நேர்க்கோட்டுக் கீறல் பெரும்பாலும் பூச்சோடு முடிந்துவிடும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, போகப்போக அகலமாகிற வெடிப்புதான் அஸ்திவாரம் இறங்குவதைச் சொல்கிறது. அதன் இரு முனையிலும் பென்சிலால் தேதி போட்டு வையுங்கள். வந்து பார்க்கிறவருக்கு அதைவிட நல்ல தகவல் இல்லை. தூணில் கம்பியை ஒட்டியே நெடுக ஓடுகிற வெடிப்பு உள்ளே துரு ஏறியதன் அடையாளம். துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் பிளந்துகொள்கிறது. மேலே சிமென்ட் பூசி மறைத்தால் உள்ளே துரு நிற்காது. இன்ஜினியர் கொஞ்சம் கான்கிரீட்டை உடைத்து, பள்ளிக்கூட லேபில் பார்த்த பினால்ஃப்தலீனைத் தெளித்துப் பார்ப்பார். இளஞ்சிவப்பானால் கம்பியைக் காக்கிற காரத்தன்மை இன்னும் இருக்கிறது. கம்பி வரைக்கும் நிறம் மாறாவிட்டால் அந்தக் காப்புப் போய்விட்டது. எந்த அளவுக்கு உடைத்து எடுக்க வேண்டும் என்பதை இப்படித் தெரிந்துகொண்டுதான் முடிவு செய்ய வேண்டும்.

ஹாலைப் பெரிதாக்க நடுச்சுவரை எடுக்க நினைக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தூண் இல்லாமல் சுவர் மேலேயே தளம் உட்கார்ந்திருக்கிற பழைய வீடாக இருந்தால், இன்ஜினியர் பார்க்காமல் ஒரு செங்கல்கூட எடுக்காதீர்கள்.

கிரகப்பிரவேசம் முடிந்ததும் மண் பரிசோதனை அறிக்கை, டிராயிங், கான்கிரீட்டுக்கு முன் எடுத்த கம்பிப் படங்கள் எல்லாவற்றையும் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். பத்து வருஷம் கழித்து இன்னொரு மாடி எடுக்கலாமா என்று பார்க்க வருகிற இன்ஜினியர் முதலில் கேட்பது அவற்றைத்தான். அவை இல்லாவிட்டால் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்துத்தான் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.