தேரும் மயிலும் மூன்று கட்டமும்

நாளிதழில் குறுக்கெழுத்துக் கட்டங்களைக் கண்டதும், "அது படித்தவர்களுக்கு" என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறீர்களா?

1913 டிசம்பர் 21இல் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் ஆர்தர் வின் தொடங்கி வைத்த விளையாட்டு இது. 1930களில் ஆனந்த விகடன் வாசன் இதைப் பரிசுப் போட்டியாக்கித் தமிழரைப் பித்துப் பிடிக்க வைத்தார். இத்தகைய போட்டிகளின் பரிசை மாதம் 1000 ரூபாய்க்குள் அடக்க 1955இல் இந்தியா சட்டமே போட்டது!

பூடகக் குறிப்பு இன்னும் குறும்பானது. பாதி பொருள் சொல்லும். பாதி எழுத்தை வெட்டி ஒட்டும். திரிங்காப் பக்கத்தில் என் வகுப்புக் கரும்பலகையில் இப்படி எழுதினேன்:

"கடையிழந்த தேரில் தலையிழந்த மயிலை ஏற்றினால் காலையில் குடிக்கலாம் (3)."

பிள்ளைகள் முருகன் கோயில் தேரையே சுற்றினார்கள். மகனை அழைத்துப்போக வந்த அம்மா ஒருவர், கொழுந்து பறிப்பவர், ஆறாம் வகுப்போடு நின்றவர், வாசலிலிருந்தே, "தேரில் 'ர்' போனால் தே, மயிலையில் 'ம' போனால் யிலை. தேயிலைதானே சார்?" என்றார். மகன் தலையைக் குனிந்துகொண்டான். "உனக்கென்னம்மா தெரியும்" என்று முதல்நாள்தான் சொன்னானாம்.

இப்போது வாராவாரம் அவருக்குக் கட்டங்களை வெட்டிக் கொடுக்கிறேன். போன வாரம் தாளைத் திருப்பிக் கொடுத்து, "அச்சான விடை கட்டத்தில் அடங்கவில்லை சார்" என்றார். எண்ணிப் பார்த்தேன். ஒரு கட்டம் குறைகிறது.