சேர்வர்களை இணைக்கும்போது பெயர்கள் தொலையலாகாது

தோட்டமொன்றில் ஐம்பது வீடுகள் கட்டப்படுகின்றன என்றால், அங்கு அடுக்கப்படும் கல்லுக்கும் மணலுக்கும் முன்னதாக ஒரு பட்டியல் தயாராகிவிடுகின்றது. காணி யாருடையது, பயனாளி யார், மேற்பார்வை செய்பவர் யார், வேலை எந்தக் கட்டத்தில் நிற்கின்றது, கொடுப்பனவு எவ்வளவு போயிற்று என்பன அப்பட்டியலில் அடங்கும். முன்பு இவை கோவைகளில் இருந்தன. இன்று பெரிய நிறுவனங்கள் இவற்றைத் திட்ட முகாமைத்துவ மென்பொருட்களில் வைத்திருக்கின்றன. அம்மென்பொருளையும் தரவுகளையும் தாங்கி நிற்கும் கணினியையே சேர்வர் என்கின்றோம். காலப்போக்கில் பலவாகப் பெருகிவிட்ட இத்தகைய சேர்வர்களை, மென்பொருளைப் புதிய பதிப்புக்கு உயர்த்தும் வேளையில் ஒன்றாக இணைப்பது உலகெங்கும் நடைபெறும் காரியமாகும். அது கணினிப் பொறியியலாளர்களுக்கு மட்டும் உரிய விடயமன்று. பதுளை மாவட்டத்தின் லயன் அறைகளில் வாழ்வோரையும் அது தொடக்கூடியது.

இதனை இப்போது பேசுவதற்குக் காரணம் உண்டு. இத்துறையில் பரவலாகப் பயன்பட்ட மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் புரொஜெக்ட் சேர்வர் மென்பொருளின் 2016, 2019 பதிப்புகளுக்கான ஆதரவு 2026 ஜூலை 14ஆம் திகதியுடன் முடிவுறும் என்றும், புரொஜெக்ட் ஒன்லைன் என்ற இணையவழிச் சேவை 2026 செப்டம்பர் 30ஆம் திகதியுடன் நிறுத்தப்படும் என்றும் அந்நிறுவனம் நாள் குறித்தது. இவற்றை நம்பியிருந்த நிறுவனங்கள் எங்கிருந்தாலும் இடம் மாறியே ஆகவேண்டும். வீடு மாறும்போது பழைய பொருட்களைத் தரம் பிரிப்பதுபோல, சேர்வர்களை ஒன்றிணைக்கும் எண்ணமும் அப்போதுதான் எழுகின்றது.

பட்டியல்கள் எவ்வாறு பலவாகின்றன என்பதற்கு மலையக வீடமைப்பே நல்ல உதாரணம். இந்திய அரசின் நன்கொடையில் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கென முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் உரையாற்றிய இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். இவ்வேலைகளில் ஐ.நா. வாழ்விட நிறுவனம், செஞ்சிலுவைச் சங்கம், தேசிய வீடமைப்பு அதிகார சபை, அரச பொறியியல் கூட்டுத்தாபனம் எனப் பலவும் பங்கேற்றன. 1992இல் அமைக்கப்பட்ட பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் வேறு. மண்சரிவு அபாயப் பகுதிகளை அடையாளம் காண்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பணி. பிரதேச செயலகத்துக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் தனித்தனிப் பதிவுகள் உண்டு. ஆகவே ஒரே குடும்பத்தின் பெயர் நான்கைந்து இடங்களில், நான்கைந்து விதமாகப் பதிவாவதில் வியப்பில்லை.

இணைப்பதால் விளையும் நன்மையை மறுப்பதற்கில்லை. ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் பசறையில் ஒரு திட்டத்துக்கும், லுணுகலையில் இன்னொன்றுக்கும், அப்புத்தளையில் மற்றொன்றுக்கும் பொறுப்பாக நியமிக்கப்படுகின்றார் எனக் கொள்வோம். மூன்று சேர்வர்களில் அவர் மூன்று ஆட்களாகத் தோன்றுவார். ஒவ்வொன்றும் அவருடைய முழு நேரமும் தனக்கே உரியது என்று கணக்கிடும். மூன்று திட்டங்களும் ஏன் தாமதிக்கின்றன என்று எவருக்கும் புரியாது. ஒரே இடத்தில் பதிவுகள் சேரும்போதுதான் அவருடைய உண்மையான பளு வெளிப்படும். ஒரே குடும்பத்துக்கு இரு வீடுகள் எழுதப்பட்டிருந்தாலும், ஒரு வீடும் எழுதப்படாமல் விடுபட்டிருந்தாலும் அதுவும் வெளிப்படும்.

ஆனால் மென்பொருளை உயர்த்துவதும் சேர்வர்களை இணைப்பதும் ஒரே வேலையல்ல. உயர்த்துதலுக்கு வகுக்கப்பட்ட வழி இருக்கின்றது. புரொஜெக்ட் சேர்வரின் 2010ஆம் ஆண்டுப் பதிப்பு, ஒவ்வொரு நிறுவலின் தரவையும் வரைவு, வெளியீடு, ஆவணக்காப்பு, அறிக்கை என நான்கு தரவுத்தளங்களில் வைத்திருந்தது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பு அவற்றை ஒன்றாக்கியது. 2010இலிருந்து 2016க்கு ஒரே தாவலில் செல்ல முடியாது. 2013இல் கால் வைத்தே செல்லவேண்டும். படிகளை ஒழுங்காகக் கடந்தால் பழைய தரவு புதிய வீட்டுக்கு வந்து சேரும். எனினும் மூன்று சேர்வர்கள் அவ்வாறு சென்றால் மூன்று தனித்தனித் தளங்களாகவே போய்ச் சேரும். அவற்றை ஒன்றாக உருக்குவதற்கு ஒரு பொத்தான் கிடையாது. பொதுவாக ஒவ்வொரு திட்டத்தையும் கோப்பாக வெளியே எடுத்து, புதிய இடத்தில் திறந்து, அங்குள்ள பெயர்களுடனும் தலைப்புகளுடனும் பொருத்தி, மீண்டும் வெளியிட வேண்டும். அப்போது திட்டம் வந்துவிடும். உத்தியோகத்தர்கள் இட்ட நேரப்பதிவு போன்ற பழைய வரலாறு பின்தங்கிவிடும்.

பொருத்துதல் என்ற இச்சிறு சொல்லுக்குள்தான் பேரிடர் மறைந்திருக்கின்றது. ஒரு சேர்வரில் ‘முடிவுற்றது’ என்பது கூரை போட்டதைக் குறிக்கலாம். மற்றொன்றில் உரித்துப் பத்திரம் கையளித்ததைக் குறிக்கலாம். இரண்டையும் ஒரே நிரலில் கொட்டினால், பத்திரம் கிடையாத குடும்பமும் பத்திரம் பெற்றதாகிவிடும். பிறகு அதன் முறைப்பாட்டை யார் கேட்பார்?

பெயர்களின் நிலை இன்னும் சிக்கலானது. தோட்டங்களில் வீட்டிலக்கமும் வீதிப்பெயரும் இல்லாத லயன்கள் ஏராளம். ‘மேற்கணக்கு’, ‘கீழ்க்கணக்கு’ என்ற குறிப்பு தோட்டத்தில் உள்ளோருக்கே விளங்கும். அதே பெயர்களைக் கொண்ட பிரிவுகள் அடுத்த தோட்டத்திலும் இருக்கும். செக்ரோலில் ஒருவிதமாகவும் பிறப்புச் சான்றிதழில் இன்னொருவிதமாகவும் பெயர் எழுதப்பட்டோர் பலர். பதுளை நகரிலோ வெலிமடை, குருத்தலாவையிலோ வாழும் முஸ்லிம் சகோதரர் ஒருவரின் பெயர் முஹம்மது, மொஹமட், முகம்மத் என்று மூன்று பட்டியல்களில் மூன்று வடிவம் கொள்ளும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதித் தமிழுக்குத் திரும்பும்போது முதலெழுத்தும் மாறிவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்ட பெயர், ஒருங்குறிக்கு மாற்றப்படாவிட்டால் கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியலே, தேடினால் அகப்படாது.

தேசிய அடையாள அட்டை இலக்கம் இதற்குத் தீர்வாகாதா எனக் கேட்கலாம். அதுவும் இரு வடிவங்களில் உள்ளது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும். 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் பன்னிரண்டு இலக்கங்கள். பழையதன் முன்னால் 19 சேர்த்து, அதன் ஐந்தாவது இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம் இட்டு, இறுதி எழுத்தை நீக்கினால் இரண்டும் ஒன்றாகும். இவ்விதியை முன்கூட்டியே மென்பொருளுக்குச் சொல்லாவிட்டால், ஒரு தாய் இரு தாய்மாராகிவிடுவார். அட்டையே பெறாதவரோ பட்டியலில் இருந்து நழுவிவிடுவார்.

இத்தகைய நழுவலின் விலையை ஊவா அறியும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, புதையுண்டோர் எத்தனை பேர் என்ற எளிய கேள்விக்கு உடனடியாக விடை கிடைக்கவில்லை. முதலில் நூற்றுக்கணக்கில் கூறப்பட்ட தொகை, பின்னர் வெகுவாகக் குறைந்தது. தப்பியவர்களுக்கு மாகல்தெனிய தோட்டத்தில் வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இலேயாகும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியபோது, மண்சரிவுகளால் மிகுந்த அழிவைச் சந்தித்த மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. அபாயப் பகுதியில் வாழ்வோர், வீடிழந்தோர், ஏற்கனவே வீடு ஒதுக்கப்பட்டோர் என்ற பட்டியல்கள் ஒன்றையொன்று அறியாதிருந்தால் மீள்குடியேற்றம் தடுமாறவே செய்யும். அவை தவறாக இணைந்தாலோ அத்தடுமாற்றம் கணினியின் முத்திரையோடு நிலைபெற்றுவிடும்.

இணைத்த பின்னும் கவனம் தேவை. பலவற்றை ஓரிடத்தில் குவித்தால் ஆபத்தும் அங்கேயே குவிகின்றது. 2023 ஆகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரச மேகக் கணினி வலையமைப்பு மீது கப்பம் கோரும் நச்சுநிரல் தாக்குதல் நிகழ்ந்தது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் அன்றுவரையான கடிதங்கள் மீளவில்லை. அக்காலப்பகுதிக்குக் காப்புப்பிரதி இருக்கவில்லை. அங்கே இயங்கியது 2013ஆம் ஆண்டுப் பதிப்பான மின்னஞ்சல் மென்பொருள். 2021இலேயே உயர்த்த நினைத்த வேலை, நிதிப் பற்றாக்குறை முதலிய காரணங்களால் பிற்போடப்பட்டிருந்தது. உயர்த்துதலைத் தள்ளிப்போடுவதும், காப்புப்பிரதியை ஒரே கூரையின் கீழ் வைத்து நம்புவதும் எங்கு கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

எனவே இத்தகைய பணியில் இறங்கும் எந்த நிறுவனமும் சில ஒழுங்குகளைக் கைக்கொள்ள வேண்டும் என்போம். முதலாவதாக, இணைப்பதற்கு முன்னரே தலைப்புகளின் பொருளை அனைவரும் கூடி எழுத்தில் முடிவுசெய்ய வேண்டும். இரண்டாவதாக, ஒத்திகை ஒன்றை நடத்தி, பழைய சேர்வர்களில் இருந்த பெயர்களின் தொகையையும் புதியதில் வந்த தொகையையும் ஒப்பிட்டு, குறைந்த ஒவ்வொரு பெயருக்கும் காரணம் காணவேண்டும். மூன்றாவதாக, கணினி ‘இருவரும் ஒருவரே’ என்று சொல்லும் இடங்களைத் தோட்டத்தை அறிந்த கிராம உத்தியோகத்தரும் தமிழ் வாசிக்கத் தெரிந்த அலுவலரும் சரிபார்க்க வேண்டும். நான்காவதாக, பழைய சேர்வரை எழுதமுடியாத, ஆனால் வாசிக்கக்கூடிய நிலையில் பாதுகாத்து, அதன் பிரதியொன்றை வலையமைப்புக்கு வெளியே வேறோர் இடத்தில் வைக்கவேண்டும். இறுதியாக, இணைத்த பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் மக்களின் பார்வைக்கு வைத்து, ஆட்சேபனைக்கு அவகாசம் கொடுக்கவேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், தமது பெயர் எவ்வாறு பதிவாகியுள்ளது என்று கேட்கும் வழியை மக்களுக்குத் திறந்து வைத்திருக்கின்றது. அதனைப் பயன்படுத்துவதில் நமது தொழிற்சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் துணைநிற்கலாம்.

இயந்திரங்களை ஒன்றாக்கச் சில வாரங்கள் போதும். ஏழு பிள்ளைகளோடு ஒரு லயன் அறையில் வாழும் குடும்பம், வீட்டுப் பட்டியலில் தன் பெயரைக் காணப் பல ஆண்டுகள் காத்திருக்கின்றது. அந்தப் பெயர் ஓர் இரவில், எவருடைய கவனத்துக்கும் வராமல் அழிந்துபோக இடமளிக்கலாகாது.