டேட்டா இன்ஜினியர் ஆகணுமா? முதலில் ஒரு குட்டி டிபன் கடை ஆப் கட்டிப் பாருங்க!

டேட்டா இன்ஜினியர் வேலைக்குத் தயாராகும் பலரும் ஒரே வழியில்தான் போகிறார்கள். இணையத்திலிருந்து ஒரு சிஎஸ்வி கோப்பை இறக்கி, பைத்தானில் படித்து, ஒரு டேபிளில் ஏற்றிவிட்டு, 'பைப்லைன் கட்டியிருக்கேன்' என்று ரெஸ்யூமேயில் எழுதிவிடுகிறார்கள். இன்டர்வியூவில் அடுத்த கேள்வி இப்படி வரலாம்: "நேத்து ஏத்தின ஆர்டரை இன்னைக்கு ஒருத்தர் டெலிட் பண்ணிட்டா, உங்க பைப்லைனுக்கு எப்படித் தெரியும்?"

இறக்கி வைத்த சிஎஸ்வி மாறாது. ஆனால் கம்பெனி டேட்டா நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். அந்த மாற்றத்தைப் பிடிப்பதுதான் இந்த வேலையே. அதைப் பழக, தானாக மாறிக்கொண்டே இருக்கும் ஒரு டேட்டாபேஸ் வேண்டும். அதை நீங்களே உருவாக்கலாம்.

என்னென்ன வேண்டும்?

ஒரு லேப்டாப், டாக்கர், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், பைத்தானின் ஃபிளாஸ்க். படிப்பதற்கு இவை எல்லாமே இலவசம். டாக்கர் கம்போஸ் கோப்பு ஒன்றில் இரண்டு கன்டெய்னர்களை எழுதுங்கள்: ஒன்று டேட்டாபேஸ், இன்னொன்று ஆப்.

புதுசா செய்பவர்கள் இரண்டு இடத்தில் மாட்டுவார்கள். ஒன்று, ஆப்பில் டேட்டாபேஸ் முகவரியாக 'லோக்கல்ஹோஸ்ட்' என்று கொடுப்பது. கன்டெய்னருக்குள் அந்தப் பெயர் அந்தக் கன்டெய்னரையே குறிக்கும் என்பதால் இணைப்பு கிடைக்காது. கம்போஸ் கோப்பில் டேட்டாபேஸுக்கு வைத்த சர்வீஸ் பெயரைக் கொடுங்கள். இரண்டு, வால்யூம் என்று தனியாக இடம் ஒதுக்க மறப்பது. கன்டெய்னரை நீக்கிவிட்டுத் திரும்ப ஓட்டினால், போட்ட டேட்டா இருக்காது.

டேபிள்கள் எப்படி இருக்கணும்?

டிபன் கடைக்கு நாலு டேபிள் போதும்: கஸ்டமர், மெனு, ஆர்டர், ஆர்டரில் உள்ள ஐட்டங்கள். தோசை விலையை மெனுவில் மட்டும் வைக்காதீர்கள். விற்ற நேரத்து விலையை ஆர்டர் ஐட்டத்திலும் எழுதுங்கள். இல்லையென்றால், நாளைக்கு விலை ஏறும்போது போன மாசக் கணக்கும் சேர்ந்து மாறிவிடும்.

ஒவ்வொரு டேபிளிலும் 'உருவான நேரம்', 'கடைசியாக மாறிய நேரம்' என இரண்டு காலம் வையுங்கள். போஸ்ட்கிரெஸ் இரண்டாவதைத் தானாகப் புதுப்பிக்காது. அதற்கு ஒரு ட்ரிகர் எழுத வேண்டும்.

ஆப்பில் ஆர்டர் போட, ஸ்டேட்டஸ் மாற்ற, டெலிட் செய்ய மூன்று பட்டன் இருந்தால் போதும். பிறகு ஃபேக்கர் லைப்ரரியை வைத்து, சில விநாடிக்கு ஒருமுறை போலி ஆர்டர் போடும் ஸ்கிரிப்டை ஓடவிடுங்கள். சில ஆர்டர்களை அதுவே மாற்றட்டும், சிலவற்றை டெலிட் செய்யட்டும்.

இனிதான் உண்மையான பாடம்

இன்னொரு டேட்டாபேஸைத் திறந்து, அதற்கு டேட்டாவை மூன்று விதமாகக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

1. முழுசா எடுப்பது: ஒவ்வொரு முறையும் எல்லா வரிகளையும் காப்பி செய்வது. எளிது, ஆனால் டேபிள் பெருசானால் தாங்காது.

2. மாறியதை மட்டும் எடுப்பது: 'கடைசியாக மாறிய நேரம்' பார்த்து எடுப்பது. வேகமானது. ஆனால் டெலிட் ஆன வரி அங்கே இல்லவே இல்லை, அதனால் கண்ணில் படாது. இன்டர்வியூ கேள்வி வந்தது இங்கிருந்துதான். டெலிட் செய்யாமல் 'நீக்கப்பட்டது' என்று குறி மட்டும் வைப்பது ஒரு தீர்வு.

3. லாக் வழியாக எடுப்பது: போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ஒரு லாகில் எழுதும். அந்த லாகின் அளவை 'லாஜிக்கல்' என்று செட் செய்து ரீஸ்டார்ட் செய்தால், டெபீசியம் போன்ற கருவி அதைப் படித்து டெலிட்டையும் சொல்லிவிடும்.

இன்னொரு பொறி நேரம். சர்வர் யுடிசி நேரத்தில் ஓடினால், அது நம்மைவிட 5.30 மணி நேரம் பின்னால் இருக்கும். காலை 5 மணிக்கு வந்த இட்லி ஆர்டர் அங்கே முந்தைய நாள் இரவு 11.30. தேதிவாரியாகக் கூட்டினால், அது நேற்றைய விற்பனையில் போய் உட்காரும். டைம்ஸோனோடு சேர்ந்த காலம் வைத்து, தேதி பிரிக்கும் முன் இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள்.

இதை மட்டும் செய்யாதீங்க

ஆபீஸ் கஸ்டமர் டேட்டாவை, 'சும்மா பழகத்தானே' என்று வீட்டு லேப்டாப்புக்குக் கொண்டு வராதீர்கள். வேலைக்கே ஆபத்து. தனிநபர் டேட்டா பாதுகாப்புக்கென்றே 2023-இல் ஒரு சட்டமும் நிறைவேறியிருக்கிறது. பயிற்சிக்குப் போலிப் பெயர், போலி நம்பர் தாராளமாகப் போதும்.

எல்லாம் தயாரானதும் ஸ்கிரிப்டை ஒரு நாள் ஓடவிடுங்கள். பிறகு அதை நிறுத்தி, கடைசியாக ஒருமுறை பைப்லைனை ஓட்டிவிட்டு, இரண்டு பக்கமும் எத்தனை ஆர்டர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை பொருந்தவில்லை என்றால் சோர்ந்துபோக வேண்டாம். ஏன் பொருந்தவில்லை, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று எழுதி வையுங்கள். இன்டர்வியூவில் சொல்ல வேண்டிய கதை அதுதான்.